ஷிப்டு ஏறும்வரை

2001 பிப்ரவரி 28ஆம் தேதி திருநீற்றுப் புதன். கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டதும் அன்றைக்குத்தான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை, தவக்காலம் பிறந்த நாளில் நின்றுபோனது. தேதி குறித்தவர்களுக்குக் கோயில் நாட்காட்டி நினைவில் இருந்திருக்காது. காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய எங்களுக்கோ இரண்டும் ஒரே செய்தியாகக் கேட்டன. மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் சொன்னதைக் கேட்டு வந்த ஆண்கள், அன்று மாலையிலிருந்து மண்ணுக்குள் இறங்க வேலையில்லாதவர்கள் ஆனார்கள்.

அதற்கு முந்தைய தவக்காலங்களைச் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் கழித்தவள் நான். பிந்தியவற்றில் பெரும்பாலானவற்றைப் பூதிகோட்டையில் கழிக்கிறேன். நைனா சுரங்கத்தில் இறங்கினவர். கணவரும் கம்பெனி ஆள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சுரங்கம் மூடியபின் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில், வாடகை இல்லாமல் காலந்தள்ளலாம் என்று இங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர். பழைய கோட்டை, ராகிக் கொல்லை, பங்காரப்பேட்டைக்குப் போகும் பஸ், இதுதான் ஊர். நாங்கள் வயல் என்று சொல்லும் தங்கவயலிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் எங்கள் ஜெபம் இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. எது மாறியது, எது மாறக்கூடாது என்று இத்தனை ஆண்டுகளாக மனதில் போட்டு உருட்டியதைத்தான் எழுதுகிறேன்.

லைன் வீடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் இன்னொரு வரிசை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதுவும் இல்லை, மூங்கில் தட்டியும் தகரமும்தான் என்று ஆயா சொல்வார். சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆயா சிலுவைப்பாதைக்குப் போனதோ அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு.

சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால் எங்கள் ஜெபத்துக்கு ஒரு வசதி இருந்தது. தவக்காலத்தில் சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா ஜெபமாலையைத் தொடங்குவார். அருள்நிறை மந்திரத்தின் முன்பாதியை அம்மா சொன்னால், பின்பாதி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். பின்வரிசைப் பெரியம்மா அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டே பதில் சொல்வார். அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல் சேரும். யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. ஒருநாள் பெரியம்மாவின் குரல் வரவில்லை என்றால், அந்தப் பத்து மணி முடிந்ததும் அம்மா என்னைத்தான் அனுப்புவார். "போய்ப் பாரு, பெரியம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையா இன்னா?" ஜெபத்தில் ஒரு குரல் குறைந்தால் அது வீட்டு விஷயமும் ஆகிவிடும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

எல்லாரும் எங்கள் வேதக்காரர்கள் இல்லை. மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள், சி.எஸ்.ஐ., லூத்தரன், மெதடிஸ்ட் சபையார், செங்கொடிச் சங்கத்தார் எல்லாரும் அந்த வரிசைகளில் கலந்து வாழ்ந்தோம். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் கிளைகள் இருந்தன; அந்த மரபில் வந்த பௌத்தக் குடும்பங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை எங்கள் சிலுவைப்பாதை அவர்கள் வாசல் வழியாகத்தான் போகும். போகுமுன் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கும். நடக்கிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், கல் குத்தக்கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். எங்கள் மதத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் எங்கள் கால்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

சிலுவைப்பாதைக்கு எங்களிடம் அவ்வளவு பற்று ஏற்பட இன்னொரு காரணமும் உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில் நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். நாங்கள் முழந்தாளிட்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்போம். உலகமெங்கும் கத்தோலிக்கருக்குத் தாய்மொழிப் பூசையின் வாசல் திறந்தது 1965 மார்ச் 7ஆம் தேதி. அது அந்த ஆண்டுத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முன்னால் நாங்கள் சொந்தக் குரலில், சொந்தத் தமிழில், வாய்விட்டு ஜெபித்த இடங்கள் இரண்டுதான்: வீட்டு ஜெபமாலை, தெருச் சிலுவைப்பாதை. பதினான்கு ஸ்தலம் என்ற கணக்கைப் பாப்பரசர் 12ஆம் கிளமெண்ட் 1731இல் நிலைப்படுத்தினார் என்று பிறகு படித்தேன். உரோமையில் வகுத்த அந்தப் பாதை எங்கள் லைனுக்குள் வந்தபோது, முதல் ஸ்தலம் குழாயடியில், நான்காம் ஸ்தலம் ரேஷன் கடைத் திருப்பத்தில் என்று எங்கள் தெருவின் பெயர்களைப் பூண்டுகொண்டது. மகனைத் தாய் சந்திக்கும் ஸ்தலத்தில், சுரங்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாமார் முன்னால் வந்து நிற்பார்கள். யாரும் ஏற்பாடு செய்த வழக்கமாகத் தெரியவில்லை. மற்றவர்கள் தாமாக விலகி இடம் விடுவார்கள்.

எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டால் பெரியவர்கள் மணி சொல்ல மாட்டார்கள். "ஷிப்டு ஏறினதும்" என்பார்கள். கூண்டில் மேலே வந்து, விளக்கையும் டோக்கனையும் ஒப்படைத்து, வாசலில் உடம்புச் சோதனை கொடுத்து, வீட்டுக்கு வந்து குளித்து வர வேண்டும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். உலகின் மிக ஆழமானவற்றில் ஒன்று. அடியில் பாறையைத் தொட்டால் சுடும். அங்கிருந்து ஏறி வருகிறவர் உடனே ஜெபத்துக்கு நிற்க முடியாது. உபதேசியார் மரச்சிலுவையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பெண்களைப் பார்த்துக் கேட்பார்: "உங்க வூட்ல வந்தாச்சாம்மா?" ஒவ்வொருத்தியும் பதில் சொல்ல வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை சிலுவை சுவரோரம்தான் இருக்கும். நைனா வரும்போது குளித்திருப்பார். ஆனாலும் இமை ஓரத்தில் மை தீட்டினாற்போல் கறுப்பு ஒட்டியிருக்கும். நகக்கணுவில் சோப்பு எட்டாத கல்தூசி. சிலுவையின் நுனியைப் பிடிக்க அந்தக் கைகளுக்குத்தான் முதலில் இடம்.

காத்திருந்தது வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை, பயத்தாலும்தான். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்போம். மேலே லைன் வீடுகளில் தரை ஒரு குலுக்கு குலுக்கும். அலமாரிப் பாத்திரம் கலகலத்து விழும். அப்போது எந்தப் பெண்ணும் பாத்திரத்தைப் பொறுக்க மாட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷாஃப்டு வாசலுக்கு ஓடுவாள். ஒரு தவக்கால வெள்ளியில், ஐந்தாம் ஸ்தலத்தில் நின்றிருந்தபோது தரை குலுங்கியது. ஒரு ஷிப்டு ஏறிவிட்டது, கீழே அடுத்த ஷிப்டு இறங்கியிருந்தது. உபதேசியார் ஆறாம் ஸ்தலத்தைத் தொடங்கவில்லை. சிலுவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷாஃப்டுப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். வாசலுக்கு வெளியே மண்ணில் முழந்தாளிட்டு மீதி ஸ்தலங்களைச் சொன்னோம். எங்கள் வேதக்காரர்கள் அல்லாத அம்மாமாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று எல்லாரும் மேலே வந்தார்கள். வராத நாட்களும் எங்கள் ஊர் வரலாற்றில் நிறைய உண்டு.

நோன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய திருச்சபைச் சட்டம் 21 வயது நிறைந்தவர்கள் தவக்கால நாட்களில் ஒருவேளைதான் வயிறாரச் சாப்பிடலாம் என்றது. கடும் உடலுழைப்புச் செய்கிறவர்களுக்கு விலக்கும் தந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவருக்கு அந்த விலக்கு முழுக்கப் பொருந்தும். நைனாவுக்கும் அது தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் தூக்குச்சட்டியில் களி உருண்டையை மட்டும் எடுத்துப்போவார். குழம்பு வேண்டாம் என்பார். "அடியில கூட வேல செய்யறவன் வூட்ல இன்னிக்கிக் கொழம்பு இல்ல, அவன் முன்னால எப்படித் தின்றது?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். 1966 பிப்ரவரியில் பாப்பரசர் 6ஆம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் கட்டாய நோன்பு நாட்கள் என்று ஆயிற்று. மற்ற நாட்களின் தவத்தை ஜெபமாகவும் தருமமாகவும் செய்ய வழி பிறந்தது. எங்கள் லைனில் இதனால் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. பசித்தவன் பக்கத்தில் இருக்கும்போது நாம் மட்டும் நிறைந்து உண்பது தகாது என்ற நைனாவின் கணக்குக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

பெண்களின் நோன்பு பிடி அரிசி. அடுப்பில் உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மண்கலயத்தில் போட்டுவிட வேண்டும். அம்மா பிடி எடுப்பதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். விரல்களை மூடிய பிறகு கையை ஒருமுறை குலுக்குவார். விரலிடுக்கில் தொற்றி நிற்கும் அரிசி திரும்ப முறத்தில் விழாமல் கலயத்தில் விழவேண்டும் என்று கலயத்தின் மேலேயே குலுக்குவார். சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் வீட்டில் அரிசி இருக்காது, கலயத்தில் இருக்கும். அதில் கை வைத்ததில்லை. அந்த வாரம் ராகிதான். குருத்தோலை ஞாயிறன்று வீட்டு வீட்டுக்குக் கலயங்கள் கோயிலுக்குப் போகும். சாம்பியன் ரீப்ஸ் வெற்றி அன்னை ஆலயத்தை நாங்கள் மாதா கோயில் என்போம். அங்கே சேர்ந்த அரிசி புருஷனைச் சுரங்கத்துக்கோ மார்ச்சளிக்கோ கொடுத்த பெண்களின் வீடுகளுக்குப் போகும். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயை மார்ச்சளி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அம்மாவுக்குத் துரோகம் செய்தவளாவேன். வீட்டு ஜெபத்தை முழுக்க நடத்தியவர்கள் பெண்கள். கோயிலுக்குள் வாசகம் வாசிக்கப் பெண் எழுந்ததை என் சிறுவயதில் நான் பார்த்ததில்லை. ஊர்காமில் ஆங்கிலேயர்களுக்கென்று எழுந்த செயின்ட் மைக்கேல் ஆலயம் இருந்தது. கல்லும் கண்ணாடியுமாக அழகான ஆலயம். ஒரே ஆண்டவரின் பாடுகளை அவர்கள் அங்கேயும் நாங்கள் இங்கேயும் தனித்தனியாக நினைத்தோம். சேர்ந்து ஜெபிக்கிறோம் என்று நாங்கள் பெருமைப்பட்ட அந்தச் சேர்க்கைக்கு இத்தனை வேலிகள் இருந்தன. இன்றைக்குச் சில வேலிகள் விழுந்துவிட்டன. சிலுவைப்பாதையைப் பெண்கள் முன்னின்று நடத்துகிறார்கள், நானே நடத்தியிருக்கிறேன். அம்மா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

சுரங்கம் மூடிய பிறகு வந்த தவக்காலங்களில் எங்களிடம் ஒரு குழப்பம் ஏற்பட்டது. சிலுவைப்பாதைக்கு ஆண்கள் நேரத்துக்கே வந்து நின்றார்கள். காத்திருக்க யாருமில்லை. வேலையில்லாத ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள்தான் பெங்களூருக்கு ரயில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஆயத்த ஆடைக் கம்பெனி, ஆஸ்பத்திரித் துப்புரவு, ஐ.டி. கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங். பிறகு இளைஞர்களும் போனார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறினால் இருட்டிய பிறகு இறங்க வேண்டும். ஆனால் சிலுவைப்பாதை முன்போலவே சாயங்காலத்தில் நடந்தது. கூட்டம் குறைகிறதே என்று கவலைப்பட்டோம். பக்தி குறைந்துவிட்டது, டி.வி. வந்துவிட்டது என்று பேசினோம். கூண்டில் ஏறி வருகிறவருக்காகச் சிலுவையைச் சுவரில் சாய்த்து வைத்த சமூகம், ரயிலில் வருகிறவளுக்காக அதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கவே சில ஆண்டுகள் ஆயின.

அந்தப் பெண்களோ எங்களுக்காகக் காத்திராமல் தாங்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்க ஒரு தவக்காலத்தில் விடியற்கால ரயிலில் போனேன். மாரிக்குப்பத்தில் ரயில் நகர்ந்ததும் ஜன்னலோரத்தில் இருந்த பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு துயர மறையுண்மைகளின் முதல் பத்தைத் தொடங்கினாள். சாம்பியன் நிலையத்தில் ஏறியவர்கள் இரண்டாம் பத்தில் சேர்ந்தார்கள். மூன்றாம் பத்து ஊர்காமில், நான்காம் பத்து கோரமண்டலில், ஐந்தாம் பத்து பெமல் நகரில். கிளைப்பாதையில் பங்காரப்பேட்டைக்கு முன்னால் நிலையங்கள் ஐந்து, ஜெபமாலையில் பத்துகளும் ஐந்து. எந்த நிலையத்தில் ஏறுகிறவரும் தவறிப்போகாதபடி அமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜெபமாலைக்குப் பதில் விரல் கணுக்களில் எண்ணினாள். மற்றக் கையில் இட்லிப் பொட்டலம். ஜெபம் முடிந்த பிறகுதான் அதைப் பிரித்தாள். எதிரே நெற்றியில் குங்குமத்தோடு இருந்த பெண் அதுவரை தன் கைப்பேசியின் பாட்டை நிறுத்தி வைத்திருந்தாள். பங்காரப்பேட்டையில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியது. இனி நிற்கக்கூட இடமில்லை, அதனால்தான் அதற்குள் முடித்துவிடுகிறோம் டீச்சரம்மா, என்றாள் முந்தானைக்காரி.

2020இல் ரயிலும் நின்றது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. பெரிய வாரம் முழுக்க வீட்டுக்குள்தான். மார்ச் 27 இரவு பாப்பரசர் பிரான்சிஸ், மழையில் நனைந்த, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று உலகுக்காக ஜெபித்ததைக் கைப்பேசியில் பார்த்தோம். அடுத்த நாளிலிருந்து எங்கள் பழைய லைன்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு வாட்ஸ்அப் குழு அழைப்பில் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தோம். ஒரு தொல்லை: எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னால் குரல்கள் முன்னும் பின்னுமாக மோதிக்கொண்டன. ஓசூரிலிருந்து ஒரு குரல் முடிக்கும்போது கோரமண்டலில் இன்னொரு குரல் பாதியில் இருந்தது. பின்வரிசைப் பெரியம்மாவின் மருமகள்தான் தீர்வு சொன்னார்: "ஆளுக்கொரு மணி, வரிசையா சொல்லலாம். மத்தவங்க மைக்கை மூடிக்குங்க." அப்படிச் சொன்னபோது ஒவ்வொரு வீட்டின் குரலும் தனித்துக் கேட்டது. ஒரு வீட்டு முறை வந்து அமைதியாக இருந்தால், முடிந்ததும் யாராவது கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்படித்தான் இரண்டு வீடுகளில் காய்ச்சல் என்று தெரிந்து, மருந்தும் சாப்பாடும் வாசலில் வைக்க முடிந்தது. கைப்பேசி ஜெபத்தைக் கெடுக்கிறது என்று பேசுகிறவர்களிடம் இதை நான் சொல்வேன். விசாரிக்க ஆள் இருந்தால் எந்தக் கருவி வழியாகவும் ஜெபம் சமூகமாகும்.

பூதிகோட்டையில் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் சிறியது. எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடக்கும். வயலிலிருந்து குடிவந்த சில தமிழ்க் குடும்பங்கள், கன்னடம் பேசும் வேதக்காரர்கள், தெலுங்கு பேசும் ஒரு பாட்டி. ஒரே மொழியில் ஒரே சுவருக்கு இருபுறம் ஜெபித்து வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் இது அன்னியமாக இருந்தது. இப்போது ஸ்தலத்துக்கு ஒரு மொழி என்று மாறி மாறிச் சொல்கிறோம். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. தமிழாசிரியையாக இருந்தவளுக்கு அது நெஞ்சில் குத்துகிற விஷயம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிலுவைப்பாதை ஜெபங்களை நான் சொல்லச் சொல்லக் கன்னட எழுத்தில் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். வல்லினம் வரும் இடங்களில் எங்கே அழுத்தம், எங்கே மென்மை என்று கன்னட எழுத்தில் அவள் தெளிவாகவே குறித்திருந்தாள். அவள் வாசிக்கக் கேட்டால் பூர்வீகத் தமிழ்தான். ஞாயிறு பிற்பகல்களில் அவளுக்கும் இன்னும் சிலருக்கும் இப்போது தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் கற்கும்வரை அந்தக் கன்னட நோட்டும் எங்களுக்கு ஜெபப் புத்தகம்தான். பெங்களூர் மறைமாவட்டத்தில் பூசை மொழியை வைத்து எத்தனையோ மனக்கசப்புகள் வந்து போனதைப் பார்த்தவள் நான். பாடுகளைத் தியானிக்கும் காலத்தில் யார் மொழி முதலில் என்று சண்டையிட எனக்கு மனமில்லை.

2025இல் ரமலானும் தவக்காலமும் மூன்று நாள் இடைவெளியில் தொடங்கின. மார்ச் 2 முதல் அண்டை வீட்டாருக்கு நோன்பு. மார்ச் 5 எங்களுக்குத் திருநீற்றுப் புதன். எதிர்வீட்டுப் பாயம்மா சாயங்காலத்தில் நோன்புக் கஞ்சியைச் சொம்பில் கொடுத்தனுப்புவார். முதல் வெள்ளியன்று கஞ்சியில் கறி போடாமல் தனியாகக் காய்ச்சியிருந்தார். "இன்னிக்கி நீங்க கறி தொட மாட்டீங்களே அக்கா" என்றார். அவர் நோன்பு திறக்கும் நேரத்தையும் எங்கள் ஜெப நேரத்தையும் பார்த்து, மக்ரிப் தொழுகை முடிந்த பிறகு எங்கள் ஒலிபெருக்கியை வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பிறகு ஒலிபெருக்கியே வேண்டாம் என்று விட்டோம். முற்றத்துக்கு எங்கள் குரல் போதும்.

பிடி அரிசியைத் திரும்பத் தொடங்கியிருக்கிறோம். நாடு முழுக்க ஆலயங்களில் காரித்தாஸ் இந்தியாவின் தவக்கால உறைகள் வருகின்றன. ஜெர்மனியில் ஆயர்கள் 1958இல் தொடங்கிய மிசேரியோர் என்ற தவக்கால நிதி உலகின் பல ஏழை நாடுகளுக்குப் போகிறது. அந்த உறையில் நானும் பணம் போடுகிறேன். முகம் தெரியாதவர் பசியை நினைக்க அது உதவுகிறது. முகம் தெரிந்தவர் பசிக்குக் கலயம் வேண்டும். சுரங்கம் மூடியபோது வயலில் நேர்ந்த பட்டினி இன்னும் சில வீடுகளில் தீரவில்லை. மார்ச்சளியோடு படுத்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் சம்பளத்தில் பாதி ரயிலுக்கும் வாடகைக்கும் போக, மீதியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் முற்றத்தில் சேரும் அரிசி அளவில் சிறியது. போகும் வீடு எதுவென்று கொடுக்கிற எல்லாருக்கும் தெரியும். வாங்குகிற வீட்டிலிருந்தும் ஒரு பிடி வருகிறது. அதை மறுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கொடுக்கிற உரிமையை ஏழையிடமிருந்து பறிக்க யாருக்கும் அதிகாரமில்லை.

பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்ற பொருளில் ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதைத் தவக்காலம்தோறும் ஆலயங்களில் வாசிக்கிறோம். ஜெபத்துக்கும் அதே நியாயம் உண்டு என்று நான் நம்புகிறேன். ஒருவருக்கொருவர் நேரத்தைப் பகிர்வதும் நோன்புதான். வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும் எனக்கு ஆறு மணி வசதி. இரவு பஸ்ஸில் இறங்கி வரும் பெண்ணுக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் முடியும். எங்கள் முற்றத்துக் கூட்டத்தை ஒன்பதரைக்கு மாற்றினோம். முதியவர்கள் முனகினார்கள்; நானும் தூக்கம் தாங்காத வயதில்தான் இருக்கிறேன். ஆனால் மாற்றிய முதல் வெள்ளியில், துப்புரவு வேலைக்குப் போகும் ஒருத்தி சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, ஒன்பதாம் ஸ்தலத்தைத் தான் சொல்வதாகக் கேட்டாள். மூன்றாம் முறை விழுகிற ஸ்தலம் அது. நாள் முழுக்க நின்ற காலோடு அவள் அதைச் சொன்னபோது, அதுவரை நாங்கள் அவளை விட்டுவிட்டு எதைத் தியானித்துக்கொண்டிருந்தோம் என்று எல்லாருக்குமே உறைத்தது.

ஆகவே ஆலயப் பொறுப்பில் இருப்பவர்களிடம், அன்பியம் நடத்துகிறவர்களிடம், எந்தச் சபையாராக இருந்தாலும், நான் கேட்பது ஒன்றுதான். தவக்கால நிகழ்ச்சிகளை அச்சுக்குக் கொடுக்குமுன் தெருத்தெருவாகப் போய், உங்கள் வீட்டில் கடைசியாக வேலை விட்டு வருகிறவர் யார், எத்தனை மணிக்கு வருகிறார் என்று விசாரியுங்கள். படுக்கையில் இருப்பவர், தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை, கொடுக்க ஒரு பிடிதான் உள்ளவர் யார் என்றும் கேளுங்கள். நேரத்தையும் இடத்தையும் மொழியையும் அந்தப் பதில்களை வைத்து முடிவு செய்யுங்கள். கேட்காமல் போட்ட அட்டவணை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது பாதிப் பங்கின் அட்டவணைதான். மீதிப் பாதி ரயிலில் தனியாக ஜெபித்துக்கொண்டிருக்கும்.